ஆறடி மூன்றங்குலத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள்: காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை

காசிக்குப் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிற நாட்டில் காசிமேட்டுக்குப் போய் வந்தவன் எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். மொத்த தூரமே பத்து மைல்தான். ஆனால் அந்தப் பத்து மைலுக்குள் நான் மூன்று மோட்டார் சைக்கிள்களில் ஏறி இறங்கினேன். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு, சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசையையும் வளர்த்துக்கொண்டவர்கள் சென்னையில் சிலராவது இருப்பார்கள். இது அவர்களுக்கு. மற்றவர்கள் கடற்காற்றுக்காகப் படிக்கலாம்.

என் உயரம் ஆறடி மூன்றங்குலம். ஜார்ஜ் டவுனில் ஓர் உப்புக் கம்பெனியில் குமாஸ்தா. பதினோரு வருடமாக என் முழங்கால்கள் ஒரு மேஜையின் அடிப்பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தன. மேஜையைத் தச்சன் செய்தானா, நான் செய்தேனா என்று சந்தேகம் வரும் அளவுக்கு எங்கள் உறவு நெருங்கிவிட்டது. 1953 தை மாதம் ஒரு வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எண்ணூர் உப்பளங்களுக்கு வெளி இன்ஸ்பெக்டர் ஒருவர் வேண்டும். நான் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எண்ணூர் அலுவலகத்தில், சொந்த மோட்டார் சைக்கிளுடன், முறையாகத் தோல் சப்பாத்து அணிந்து, ஆஜராக வேண்டும். தவறினால் வேலை சபாபதிக்கு. சபாபதி பக்கத்துப் பிரிவு குமாஸ்தா, ஐந்தடி இரண்டங்குலம், நல்ல மனிதர். அவரையும் அன்று எண்ணூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள்; அவரிடம் ஏற்கெனவே வண்டி இருந்தது.

வண்டி கிடைத்தால் மட்டும் போதாது. யுத்த காலத்தில், விமானத் தாக்குதலிலிருந்து ஊரைக் காக்கும் ஏ.ஆர்.பி. சேவையில் சேர்ந்து, செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிளை இரண்டு வருடம் ஓட்டினேன். அந்த வண்டி யாரோ ஒரு குள்ளமான தேசபக்தருக்காகச் செய்யப்பட்டது. என்னைப் பொறுத்தவரை அந்த யுத்தத்தில் சென்னைக்கு ஏற்பட்ட நிரந்தரச் சேதம் என் வலது முழங்கால்தான். அதன்பிறகு கைப்பிடியைப் பிடிக்காமல் நான் எந்த மாடிப்படியும் ஏறியதில்லை. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இன்னொரு முறை முழங்காலை இடுக்கிக்கொண்டு தினமும் வண்டி ஓட்டினால் நாற்பது வயதில் கைத்தடி. ஆகவே சனிக்கிழமை நண்பகலுக்குள் எனக்கு ஒரு வண்டி வேண்டும். அது சரியான வண்டியாகவும் இருக்க வேண்டும். ஒன்று தப்பினால் வேலை போகும், மற்றொன்று தப்பினால் கால்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ராயபுரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, இருபது நிமிடம் நடந்து காசிமேட்டுக் கடற்கரைக்குப் போனேன். அங்கே தேசப்பன் இருந்தார். மீனவக் குடும்பம். யுத்தத்தில் ராணுவ மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது குப்பத்தின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு வண்டி ரிப்பேர் செய்கிறார். வண்டி வாங்குமுன் அவரைப் பார் என்று, வெள்ளிக்கிழமை விசாரித்தபோது மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் எனக்கு ஒரு வண்டியையும் காட்டவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சப்பாத்த கழட்டு சார். வந்து மண்ணுல குந்து."

"எதற்கு?"

"அளவெடுக்கத்தான். துணி தெக்கிறவன் அளவெடுக்கிறான், வண்டி விக்கிறவன் எடுக்கிறானா? துட்ட வாங்கிகினு அனுப்பிடுவான். அப்பால முட்டி பேஜாரு பண்ணுதுன்னு எங்கிட்ட வந்து நிப்ப."

அவர்கள் குப்பத்தில் புதுக் கட்டுமரம் கட்டுமுன், துடுப்புப் போடுகிறவர்களை ஈர மணலில் உட்காரவைத்து, யாருடைய முட்டி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்வார்களாம். கடலில் போனபிறகு ஒருவன் முட்டி இன்னொருவன் முதுகில் இடித்தால் சண்டையைத் தீர்த்துவைக்க அங்கே பஞ்சாயத்தார் கிடையாது. அதே முறையைத் தேசப்பன் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்திருந்தார். மணலைக் குவித்து ஒரு மேடு கட்டினார். என்னை அதன்மேல் உட்காரவைத்தார். இரண்டு பக்கமும் குழி தோண்டிப் பாதங்களை வைக்கச் சொன்னார். எதிரே இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றின்மேல் ஒரு துடுப்பைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"இப்டியே அரை மணி நேரம் குந்திகினு இரு."

"அரை மணியா?"

"ரெண்டு நிமிசத்துக்கு எல்லா சீட்டும் நல்ல சீட்டுதான் நைனா. அரை மணி ஆனாத்தான் அது இன்னா சீட்டுன்னு தெரியும்."

மோட்டார் சைக்கிளைப் பற்றி இதைவிடச் சிறந்த வாசகத்தை நான் இங்கிலீஷ் பத்திரிகைகளிலும் படித்ததில்லை. உட்கார்ந்தேன். வலையைக் காயப்போட வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். மணலின் மேல் துடுப்பைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஆறடி மூன்றங்குலக் குமாஸ்தாவை அவர்கள் தினமும் பார்ப்பதில்லை.

"யார்ரா இது, கொக்கு மாதிரி கீறாரு?"

"மாமு, கொக்கு ஒத்தக் கால்ல நிக்கும். இவரு ரெண்டு காலையும் பொதச்சிகினு கீறாரே."

"சார், எந்த ஊருக்கு வண்டி? பர்மாவுக்கா?"

பத்து நிமிடத்தில் என் முழங்கால் முனக ஆரம்பித்தது. தேசப்பன் குழியை ஒரு விரற்கடை ஆழமாக்கினார். கால் மணியில் இடுப்பு பேசியது. துடுப்பை என் பக்கம் சற்று நகர்த்தினார். அரை மணி முடிந்தபோது உடம்பில் எந்த உறுப்புக்கும் புகார் இல்லை. தேசப்பன் ஒரு கயிற்றை எடுத்து, இடுப்பிருந்த இடத்தில் ஒரு முடிச்சு, குதிகாலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று மூன்று முடிச்சுப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"வண்டி பேரு, கலரு, எத்தினி சி.சி., ஒண்ணும் பாக்காத. கவுத்த வச்சிப் பாரு. மூணு முடிச்சும் குந்திச்சின்னா வாங்கு. இல்லன்னா, சொம்மா குட்த்தாலும் வேணாம்னு வந்துகினே இரு."

கூலி எட்டணா. ஒரு மருத்துவரும் தையற்காரரும் சேர்ந்து செய்யும் வேலைக்கு அது அதிகமில்லை.

ஏழரை மணிக்குத் தண்டையார்பேட்டை. ஒன்றரை மைல், நடை. அங்கே தரகர் காதர் பாயின் கொட்டகை. வண்ணாரப்பேட்டைக்காரர், துணி வியாபாரத்திலிருந்து மோட்டார் வியாபாரத்துக்கு மாறியவர். இன்னும் வண்டியைத் தடவித்தான் தரம் பார்ப்பார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி! உங்க ஒசரத்துக்குன்னே ஒரு வண்டி வச்சிருக்கேன். ஐநூறு சி.சி. யானை மாதிரி. யானைக்கு யானைதானே பொருத்தம்!"

இந்தக் கருத்து இந்தத் தேசம் முழுவதும் பரவியிருப்பது. உயரமானவனுக்கு உயரமான வண்டி என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் அன்று காலைவரை நம்பினேன். வண்டி உண்மையிலேயே அழகானது. டாங்கி ஒரு சிறிய குளம் அளவு; விளக்கு ஒரு கோபுரக் கலசம் அளவு. பயபக்தியோடு கயிற்றை வைத்தேன். சீட்டுக்கும் கால் வைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு சாண் குறைந்தது. யானைக்கு உயரம் இருந்ததே தவிர, அந்த உயரமெல்லாம் தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்தது; என் காலுக்கு ஒதுக்கிய இடத்தில் இல்லை. காதர் பாய் வற்புறுத்தியதால் தெருக்கோடிவரை ஓட்டினேன். நேராகப் போகும்வரை முழங்கால்கள் என் விலாவைக் காவல் காத்தன. இடதுபக்கம் திருப்பியபோது ஹேண்டில்பார் முழங்காலில் இடித்தது. திரும்ப வேண்டுமென்றால் காலை அகல விரித்து, தெருவில் போகிறவர்களுக்கு வழிவிடச் சொல்வது போல நீட்ட வேண்டியிருந்தது. ஒரு தயிர்க்காரி உண்மையிலேயே வழிவிட்டாள். உயரமான வண்டி உயரமானவனுக்காகச் செய்யப்படுவதல்ல. மற்றவர்கள் உயரமாகத் தெரிவதற்காகச் செய்யப்படுவது.

அடுத்தது நூற்றிருபத்தைந்து சி.சி. குட்டி வண்டி. வெட்கத்தோடுதான் கயிற்றை வைத்தேன். ஆச்சரியம், சீட்டும் காலும் ஏறக்குறையச் சரியாக வந்தன. ஆனால் ஹேண்டில் மடியில் இருந்தது. அம்மியில் அரைப்பவனைப் போலக் குனிந்து ஓட்ட வேண்டும். உப்பளத்துக்கு நான் அரைத்துக்கொண்டே போக விரும்பவில்லை.

காதர் பாய் கயிற்றை வாங்கிப் பார்த்தார். "தேசப்பன் குடுத்தானா? அவன் கவுறு போனவாரம் எனக்கு ரெண்டு வியாபாரத்தைக் கெடுத்துச்சு. அட அல்லா..." என்று பெருமூச்சு விட்டார். பிறகு, அவரை நான் இன்றும் மதிக்கிற காரியம் ஒன்றைச் செய்தார். "திருவொற்றியூர்ல ஒரு வண்டி இருக்கு தம்பி. என்னுது இல்ல. எனக்கு ஒண்ணும் கிடைக்காது. மேட்டுத் தெருப் பக்கம், ஐஸ் விக்கிற அஞ்சலையம்மான்னு கேளுங்க. ராணுவ ஏலத்துல எடுத்தது. ஒசரம் கம்மி, நீளம் ஜாஸ்தி."

ஒன்பதேகாலுக்குப் பஸ். மூன்று மைல், இரண்டணா, பஸ்ஸின் கூரைக்கு நான் செலுத்திய மரியாதை தனி. பத்து மணிக்குத் திருவொற்றியூர். அஞ்சலையம்மா மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் விற்கிறவர். கணவர் ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டதால் வண்டி ஒரு வருடமாக, அவ்வப்போது கிளப்பிப் பார்ப்பதோடு சரி, சும்மா நின்றது. முற்றத்துக்குள் போகுமுன் "சப்பாத்த வாசல்ல வுடு" என்றார். விட்டேன்.

முந்நூற்றைம்பது சி.சி. யுத்தத்துக்காகச் செய்த வண்டி. பச்சைச் சாயம் பாதி உரிந்திருந்தது. மீன் வாசனையை மறைக்க அது எந்த முயற்சியும் செய்யவில்லை. கயிற்றை வைத்தேன். காலுக்கு மூன்று அங்குலம் குறைந்தது. மனம் உடைந்துபோனேன். மணி பத்தேகால். இதைவிட்டால் எனக்கு வேறு வண்டி இல்லை.

அஞ்சலையம்மா என்னையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னாய்யா மூஞ்சி தொங்கிப்போச்சி? சீட்டு அங்கயா இருந்துச்சி? பின்னால ஐஸ்பொட்டி வெக்கணும்னு எங்கூட்டுக்காரருதான் முன்னால இட்டாந்தாரு. சீட்டுக்குப் பின்னால பொட்டிக்கு அடிச்ச அந்தப் பலகைய கழட்டு."

பலகையைக் கழற்ற நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆறு ஆணிகளும் உப்புக்காற்றில் துருப்பிடித்து, வண்டியின் உறுப்புகளாகவே மாறியிருந்தன. அஞ்சலையம்மாவே சுத்தியலை வாங்கி நான்கைத் தட்டி எடுத்தார். சீட்டு நான்கங்குலம் பின்னால் போய், பழைய துளைகளில் உட்கார்ந்தது. கயிற்றின் மூன்று முடிச்சுகளும் சரியாக வந்தன. ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் டாங்கிக்குப் பக்கத்தில், தன் வீட்டுக்கு வந்ததுபோலச் சாய்ந்துகொண்டது. அரை மணி உட்கார நேரமில்லை. கால் மணி உட்கார்ந்தேன். எங்கும் ஒரு முனகலும் இல்லை.

"யோவ், வண்டிமேலயே தூங்கிடுவ போலகீதே. துட்டு குட்த்துட்டுத் தூங்கு."

அறுநூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை. அந்த உட்காரலுக்குப் பிறகு பேரம் பேசுவது கோயிலில் சில்லறை கேட்பது போல இருந்திருக்கும்.

வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பதினொன்றேகாலுக்குக் கிளம்பினேன். எண்ணூர் ஐந்து மைல். முக்கால் மணி இருந்தது. முதல் கியர் போட்டேன், வண்டி பாய்ந்தது. இரண்டாவது போடக் கால்விரலைக் கியர் கம்பிக்கு அடியில் நுழைத்தேன். நுழையவில்லை. மீண்டும் முயன்றேன். சப்பாத்தின் மூக்கு கம்பியில் முட்டி நின்றது. என் சப்பாத்து பன்னிரண்டாம் நம்பர். அதை ஒரு சிறு படகு என்று சொல்பவர்கள் உண்டு. அப்போதுதான் புரிந்தது. காசிமேட்டில் அளவெடுத்தபோது வெறுங்கால். திருவொற்றியூரில் உட்கார்ந்து பார்த்தபோதும் வெறுங்கால். அந்தக் கரையில் சப்பாத்துப் போட்டு வண்டி ஓட்டும் ஒருவனைத் தேசப்பன் கணக்கில் வைக்கவே இல்லை. கட்டுமரத்தில் யாரும் சப்பாத்தோடு ஏறுவதில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. அவருக்காவது காரணம் இருந்தது.

முதல் கியரிலேயே போனேன். மணிக்கு எட்டு மைல். ஒரு மாட்டுவண்டி என்னோடு கொஞ்ச தூரம் போட்டி போட்டது; முடிவைச் சொல்ல விரும்பவில்லை. எர்ணாவூருக்கு வரும்போது என்ஜின் கொதித்து, ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது. மணி பதினொன்று முப்பத்திரண்டு. இன்னும் மூன்று மைல். சாலையோரம் ஒரு சவுக்கு நிழலில் நிறுத்தி, அது ஆறும்வரை நின்றேன். "சப்பாத்து அணிந்து" என்ற கடிதம் சட்டைப்பையில் இருந்தது. சப்பாத்தோடு போனால் நேரத்துக்குப் போக முடியாது. கழற்றினால் கடிதத்தை மீறினவன். இரண்டிலும் சபாபதிதான் இன்ஸ்பெக்டர்.

பதினொன்று நாற்பத்தொன்று. சப்பாத்தோடு கிக்கரை உதைத்தேன். வண்டி உயிர்பெற்றதும் வலது சப்பாத்தை மட்டும் கழற்றி, நாடாவால் ஹேண்டிலில் கட்டினேன். கியர் வலதுபக்கம்தான், இடது சப்பாத்தின்மேல் வண்டிக்குப் புகார் எதுவும் இல்லை. பாதியளவாவது கடிதத்துக்குக் கட்டுப்படலாம் என்று பார்த்தேன்.

அடுத்த மூன்று மைலைப் பற்றி நான் நிதானமாக எழுத முடியாது. இரண்டு, மூன்று, நான்கு என்று கியர்கள் வெறுங்கால் விரலுக்கு வெண்ணெய் போல ஏறின. வலதுபக்கம் கடல், சாலைக்கு அவ்வளவு அருகில். மீன் காயப்போட்டிருந்த மணல்மேடுகளைத் தாண்டி, முப்பத்தைந்து மைல் வேகத்தில், முதுகு நேராக, கைகள் தளர்வாக, முழங்கால்கள் எங்கே என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையில் போனேன். உலகத்தில் என் அளவுக்குச் செய்த பொருள் ஒன்று உண்டு என்பது முப்பத்தாறு வயதில் தெரிந்தது. அதுவரை கதவு, கட்டில், மேஜை, பஸ் எல்லாம் வேறு ஒருவருக்கே செய்யப்பட்டவை என்று நினைத்திருந்தேன்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு எண்ணூர் அலுவலகம். வராந்தாத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சபாபதி நின்றிருந்தார். அவருடைய வண்டி பக்கத்தில் நின்றது: ஐநூறு சி.சி., பெரிய யானை. ஒன்பது மைல் தூரம் கால்விரல் நுனியால் தரையைத் தேடிக்கொண்டே வந்திருக்கிறார். சப்பாத்துகள் கண்ணாடிபோல மின்னின.

"என்ன சார், ஒரு கால்தான் விண்ணப்பம் போட்டுதா?" என்றார், வலியோடு சிரித்து.

நான் பதில் சொல்லுமுன் சூப்பரின்டென்டென்ட் வெளியே வந்தார். ஐம்பது வயது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். என் காலைப் பார்த்தார். ஹேண்டிலில் தொங்கும் சப்பாத்தைப் பார்த்தார். கடிதம் எழுதிய தலைமை அலுவலகத்தைப் பற்றித் தமக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்.

"வாங்க ரெண்டு பேரும். பாத்தியைப் பார்த்துக்கிட்டே பேசலாம். அந்த மரப்பலகைக்கு அப்புறம் செருப்பு, சப்பாத்து ஒண்ணும் கிடையாது. உப்புல அழுக்குப்படும்."

அவர் வெறுங்காலோடு வரப்பில் நடக்க ஆரம்பித்தார். எனக்குக் கழற்றப் பாதிதான் பாக்கி இருந்தது. சபாபதி நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். முதுகு மறுத்தது. உட்காரப் பார்த்தார், முட்டி மறுத்தது. நான்தான் அவருக்கு அவிழ்த்துவிட்டேன். பிறகு அவர் தூணுக்கே திரும்பிப்போனார். நான் சூப்பரின்டென்டென்டோடு முக்கால் மைல் வரப்பில் நடந்தேன். அவர் உப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மட்டும் சொன்னார்:

"இதுக்கு முன்னால இருந்த மூணு இன்ஸ்பெக்டர்களும் வண்டியிலிருந்து இறங்கினா ஒரு மணி நேரம் நாற்காலியைத் தேடுவாங்க. வரப்புப் பக்கமே வரமாட்டாங்க. நீங்க திங்கட்கிழமை வந்துடுங்க."

உங்களில் யாராவது இப்படி வண்டி தேடிக் கிளம்பினால் சில குறிப்புகள். காசிமேட்டுக்கு விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறினால் மணல் உலர்ந்து குழி நிற்காது. கூட்டம் கேலி செய்யும். அது கூலியில் சேர்ந்தது. வண்டியின் உயரத்தைப் பார்க்காதீர்கள். சீட்டுக்கும் காலுக்கும் கைக்கும் நடுவே உள்ள தூரங்களைப் பாருங்கள். சீட்டுக்கும் காலுக்கும் இடம் குறைந்தால் உடனே கைவிடாதீர்கள். சீட்டை முன்னால் தள்ளியது யார், ஏன் என்று கேளுங்கள். முக்கியமாக, எதை அணிந்து ஓட்டப்போகிறீர்களோ அதையே அணிந்து அளவு கொடுங்கள். தேசப்பனிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சூ போட்டுகினு யாரு நைனா மண்ணுல குந்துவாங்க?" என்றார். ஆனால் கூலி வாங்காமல் கியர் கம்பியை ஓரங்குலம் மேலே வளைத்துக் கொடுத்தார். சபாபதியையும் அவரிடம் அனுப்பினேன். குள்ளமானவர்களுக்கும் அங்கே மணல் உண்டு.

கடைசியாக ஒன்று. அரை மணி உட்கார்ந்து பார்க்க உங்களுக்கு நேரம் இல்லாவிட்டால், வண்டியைப் பத்து மைல் ஓட்டி, இறங்கியவுடன் எங்காவது மாடிப்படி ஏறிப் பாருங்கள். அன்று மாலை நான் எண்ணூரிலிருந்து ராயபுரம் வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டு மாடிக்குப் போனேன். பதினெட்டுப் படிகள். மேலே போய்க் கதவைத் தட்டிய பிறகுதான், கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.